குப்பைத்தொட்டி இல்லாத கடை

அத்தியாயம் 5

டிக். டிக். டிக். பிறகு ஒரு சின்ன முனகல். அதோடு சரி.

"மறுபடியும் மண்டையைப் போட்டுட்டான் பாஸ்," என்றான் வாலு.

பாஸ் மெக்கானிக்கின் மேஜைமேல் கிடந்த பாட்டுப் பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தாள். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். உள்ளே இருக்கும் குட்டி ஹார்ட் டிஸ்க் சுற்றினால்தான் அது பாடும். காலை பத்து மணியிலிருந்து அது சுற்றவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

"இது எத்தனையாவது தடவை?"

"பதினாலு. இத்தனை தடவை செத்தா இன்ஷூரன்ஸ்காரன்கூட நம்ப மாட்டான்."

இருபது வருடம் டெலிபோன் இலாகாவில் பழுது தேடும் வேலை பார்த்தவள் பாஸ். எங்கோ ஒரு தெருவில் லைன் இரைந்தால் எந்தக் கம்பத்தில் கோளாறு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அந்தத் தெம்பில்தான் வேலையை விட்டுவிட்டு, ஒரு மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டுத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தாள். உதவிக்குச் சேர்ந்தவன் வாலு. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா ஆகியும் வாய் மட்டும் இன்னும் கடைசி பெஞ்சிலேயே இருந்தது. இந்தப் பெயரை வைத்தது பாஸ் இல்லை, அவன் மனைவி.

அப்பேர்ப்பட்ட பாஸுக்கு ஓர் உள்ளங்கைப் பெட்டி நாலு மணி நேரமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அவளுக்குக் காது மடல்கூடச் சூடாகிவிட்டது.

பக்கத்து சலூன் டி.வி.யில் மறுபடியும் அந்த சோப்பு விளம்பரம். வாலு தன்னையறியாமல் கூடவே முணுமுணுத்தான்.

"வாயை மூடு."

"நான் எங்க பாஸ் பாடறேன்? அது தானா வருது. அப்படி ஒரு மெட்டு."

அந்த மெட்டுதான் வழக்கே. பெட்டிக்குச் சொந்தக்காரர் ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். மூன்று வருடத்துக்கு முன் அவர் அந்த மெட்டைப் போட்டு, கீபோர்டில் வாசித்து, இந்தப் பெட்டியிலேயே பதிந்து வைத்தார். கூச்ச சுபாவம், வெளியில் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. போன வருடம் அதே மெட்டு சோப்பு விளம்பரமாக வந்து ஊரையே குளிப்பாட்டியது. டீச்சருக்கு வயிறு எரிந்தது. இந்த வருடப் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளை அந்த மெட்டில் பாடவைத்து, "மெட்டு என்னுடையது, என் பாட்டுப் பெட்டியில் பதிவு இருக்கிறது" என்று மேடையிலேயே சொல்லிவிட்டார்.

விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டதாகப் பேர் வாங்கிய ஸ்டுடியோக்காரர் சும்மா விடுவாரா? பள்ளிக்கு ஒரு கடிதம் தட்டிவிட்டார். 'அந்த அம்மாளை எனக்குத் தெரியாது. அவரோ அவரைச் சேர்ந்தவர்களோ என் ஸ்டுடியோ வாசலை மிதித்ததில்லை. அவர் சொல்லும் பாட்டுப் பெட்டியை நான் கண்ணால் கண்டதில்லை. மெட்டைத் திருடியது அவர்தான்.'

இன்று நாலு மணிக்குப் பள்ளி நிர்வாகக் குழு கூடுகிறது. ஆதாரம் காட்டாவிட்டால் டீச்சருக்கு வேலை போய்விடும். தான் பெற்ற மெட்டைத் தானே திருடியவர் என்ற பட்டமும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

ஆதாரம் இந்தப் பெட்டியில்தான் இருந்தது. காலை எட்டரைக்கு டீச்சரின் தம்பி இதைக் கொண்டுவந்து கொடுத்தபோது பெட்டி பாடியது. மெட்டு பதிவான தேதி திரையில் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. ஆனால் நடுவில் இரண்டு முறை திக்கித் திணறியது.

"ஒரு வருஷம் முன்னாடி சுத்தமா செத்தே போச்சு மேடம்," என்று அப்போது சொன்னான் தம்பி. "நான் ரெண்டு தட்டு தட்டினேன், தானா சரியாயிடுச்சு." பிறகு வாலுவின் ரசீதுப் புத்தகத்தில், பெட்டியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்துப் போட்டான். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு வளைந்து நெளிந்து காகிதத்தின் ஓரம்வரை போனது.

"இது கையெழுத்தா, காத்தாடி வாலா?" என்று கேட்டான் வாலு. தம்பி சிரிக்கவில்லை.

நாலு மணிக்குக் குழுவின் முன் திக்கினால் மானம் போய்விடுமே என்று, பெட்டியைச் சரிபார்க்க மெக்கானிக்கிடம் கொண்டுவந்தது பாஸ்தான். அவள் எடுத்த முடிவு, யார்மேலும் பழி போட வழியில்லை. பாடிக்கொண்டிருந்த பெட்டியைப் பாடையில் ஏற்றிவிட்டோமே என்று நினைக்கும்போதெல்லாம் தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"காலையிலேயே அந்தத் தேதியை போன்ல ஒரு படம் எடுத்திருக்கலாம் பாஸ்."

"ஏன் எடுக்கலை?"

"நீங்க சொல்லலையே."

"சாப்பிடறதுக்கு மட்டும் நான் சொல்லணுமா உனக்கு?"

வாலு கையிலிருந்த பன்னை மெதுவாகப் பின்பக்கம் மறைத்தான்.

மெக்கானிக் மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்திருந்தார். இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. அதில் இல்லாத சாமான் இல்லை. மாத்திரை டப்பாக்களில் ஸ்க்ரூக்கள், பழைய பல் துலக்கும் பிரஷ்கள் ஒரு கட்டு, எந்த ரேடியோவுக்குச் சொந்தம் என்று தெரியாத இருபது முப்பது திருகு பட்டன்கள். காலையில் வாலு டீ குடித்த காகிதக் கப்பை எங்கே போடுவது என்று தேடியபோது, அதையும் வாங்கித் துடைத்து அதில் ஸ்ப்ரிங் போட்டு வைத்துக்கொண்டவர் அவர்.

"நம்ம கடையில குப்பைத்தொட்டியே கிடையாது தம்பி. எல்லாத்துக்கும் ஒரு நாள் வேலை வரும்," என்று பெருமையாகச் சொன்னார்.

"இந்த ஸ்டூலுக்கும் வருமா அண்ணே?" என்று வாலு கேட்டதற்குக் காரணம் இருந்தது. உட்கார்ந்த மறுநிமிடம் அது ஒரு பக்கம் சாய்ந்து அவனை மேஜைக்கடியில் தள்ளப் பார்த்தது. ஒரு கால் குட்டை.

அதெல்லாம் காலைக் கதை. இப்போது மணி இரண்டு.

"அண்ணே, இதை அப்படியே ஐஸ் பெட்டியில வெச்சு எடுத்தா சரியாகுமாம். என் மச்சான் சொன்னான்," என்றான் வாலு.

"முதல்ல உன் மச்சானைத் தூக்கி வை," என்றாள் பாஸ்.

மெக்கானிக் நிமிர்ந்தார். "ஒரு வழி இருக்கு மேடம். உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தினா ஓடினாலும் ஓடும்."

"உள்ள இருக்கிறதுதாங்க எங்களுக்கு வேணும்!"

"அப்ப கஷ்டம்."

பேட்டரி மாற்றியாகிவிட்டது. கவிழ்த்துப் பார்த்தாகிவிட்டது, பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. வேறு எதிலாவது நகல் எடுக்கலாம் என்றால் இந்தப் பழைய மாடலுக்கான வயர் எந்தக் கடையிலும் இல்லை. செத்த டிஸ்க்குகளைப் பிழைக்க வைக்கும் ஒரு பெரிய கம்பெனிக்கு போன் செய்தால், மூன்று வாரம் ஆகும் என்று தேனாகப் பேசினாள் ஒரு பெண்.

பாஸ் கண்ணை மூடிக்கொண்டாள். டெலிபோன் இலாகாவில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. லைன் போய்விட்டது என்று யாராவது வந்தால், லைனைப் பற்றிக் கேட்கவே மாட்டாள். கடைசியாக யார் அதைத் தொட்டார்கள் என்றுதான் கேட்பாள்.

"அண்ணே, காலையில இதைத் திறந்து என்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன பண்ணேன்? மூடியைக் கழட்டினேன். பிரஷ்ஷால தூசி தட்டினேன். உள்ள ஏதோ குப்பை திணிச்சிருந்தது, அதை எடுத்தேன். மூடினேன். அவ்வளவுதான்."

"குப்பையா? என்ன குப்பை?"

"மடிச்ச காகிதம் மேடம். டிஸ்க்குக்கு மேல யாரோ அடைச்சு வெச்சிருந்தாங்க. அரைகுறை ஆளுங்க செய்யற வேலை. எனக்கு அப்படி அசிங்கமா இருந்தா பிடிக்காது."

பாஸ் கண்ணைத் திறந்தாள்.

"அந்த டிஸ்க் எதுல மாட்டியிருக்கு?"

"பட்டையா ஒரு வயர். பழசானா அது லூசாகி லூசாகி..." மெக்கானிக் பாதியில் நின்றார். பூதக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் இன்னும் பெரிதானது. "ஐயோ."

"லூசாகி?"

"மேலேருந்து எதையாவது வெச்சு அழுத்தினாத்தான் பிடிச்சுக்கும்." அவர் பூதக் கண்ணாடியைக் கழற்றினார். "அது குப்பை இல்ல மேடம். அதுதான் ரிப்பேர்."

"சுத்தம்! அண்ணன் ஊன்றுகோலைப் பிடுங்கிட்டு, நட நடன்னு நாலு மணி நேரமா விரட்டியிருக்காரு," என்றான் வாலு.

"வேற காகிதம் வெச்சுப் பார்க்கறேன் மேடம், இப்பவே."

"அது இருக்கட்டும். எடுத்ததை எங்க போட்டீங்க?"

"தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"எதுல? உங்க கடையிலதான் குப்பைத்தொட்டியே கிடையாதே."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "நல்ல கெட்டிக் காகிதம். எறிய மனசு வந்திருக்காது. எதுக்கோ உபயோகம் பண்ணேன். எதுக்குன்னுதான்..." அவர் டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். பல்பு வந்தது, பட்டன் வந்தது, உடைந்த சீப்பு ஒன்று வந்தது. காகிதம் வரவில்லை. இரண்டு மணி பத்து நிமிடம். ஒவ்வொரு டப்பாவாக மூடும் சத்தம் பாஸின் மண்டையில் விழுந்துகொண்டிருந்தது. மூன்று பேரில் நிம்மதியாக இருந்தவன் வாலு ஒருவன்தான். காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ராஜா மாதிரி உட்கார்ந்து மிச்ச பன்னைத் தின்றுகொண்டிருந்தான்.

பாஸ் அவனையே பார்த்தாள்.

"வாலு, எழுந்திரு."

"தின்னு முடிச்சிடறேன் பாஸ்."

"காலையில உன்னைக் கீழே தள்ளப் பார்த்த ஸ்டூல் இப்ப ஏண்டா ஆடலை?"

வாலு எரிகிற அடுப்பின்மேல் உட்கார்ந்தவன் போலத் துள்ளி எழுந்தான். பாஸ் தரையில் மண்டியிட்டாள். ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில், எட்டாக மடித்த ஒரு பச்சை அட்டை.

"அதேதான்! வந்தவங்க விழுந்துடக் கூடாதேன்னு வெச்சேன்," என்றார் மெக்கானிக். கண்டுபிடித்தவர் என்னவோ அவர்தான் என்பதுபோல ஒரு சிரிப்பு வேறு.

பாஸ் மடிப்புகளைப் பிரித்தாள். அட்டையின் தலையில் அச்சிட்டிருந்த பெயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடிதம் எழுதிய அதே ஸ்டுடியோ. வெளியாட்கள் உள்ளே போக வாசலில் காவலாளி எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கருவிகள் காணாமல் போகக் கூடாது என்று, வருகிறவர் கையில் என்ன கொண்டுவருகிறார் என்பதையும் அங்கே எழுதுவார்கள் போலிருக்கிறது.

"கொண்டு வரும் பொருள்: பாட்டுப் பெட்டி ஒன்று," என்று வாசித்தாள். "பின்பக்க நம்பர்... வாலு, பெட்டியைத் திருப்பு. நான் சொல்லச் சொல்லப் பாரு. நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு, பூஜ்யம், மூணு."

"நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு, பூஜ்யம், மூணு! பாஸ், இதேதான்!"

"தேதி போன வருஷம். விளம்பரம் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. பார்க்க வந்த காரணம், மெட்டுப் போட்டுக் காட்ட. பார்த்தவர் கையெழுத்து..." பாஸ் சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். "ஸ்டுடியோக்காரரே போட்டிருக்காரு. கண்ணால கண்டதில்லைன்னாரே, அந்த மனுஷன்!"

வாலு மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டான். "அண்ணே, நீங்க எதையும் தூக்கிப் போடாம நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

பாஸ் மட்டும் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சீட்டின் அடியில் இன்னொரு கையெழுத்து இருந்தது. 'வந்தவர்' என்ற இடத்தில். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு வளைந்து நெளிந்து, அட்டையின் ஓரம்வரை போயிருந்தது.

வாலு எட்டிப் பார்த்தான். "காத்தாடி வால்," என்றான், இந்தத் தடவை சிரிக்காமல்.

"செத்த மெஷின் தட்டினா பிழைக்காதுன்னு காலையிலேயே தோணியிருக்கணும் எனக்கு," என்றாள் பாஸ் மெல்ல. சீட்டைப் பைக்குள் வைத்தாள். "அண்ணே, வேற எதையாவது மடிச்சு வெச்சு ஓட வைங்க. எப்படியாவது ஓட வைங்க. அது பாடிடுச்சுன்னா இந்தச் சீட்டு வெளியே வரவே வேண்டாம்."

வாலு பர்ஸிலிருந்து நிலையத்தின் விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தான். அச்சடித்து வந்த ஐந்நூறு கார்டிலும் போன் நம்பர் தப்பு. "முதல் தடவையா ஒருத்தருக்கு உபயோகப்படுது," என்றான். பழைய உற்சாகம் இல்லை.

மெக்கானிக் கார்டை மடித்து டிஸ்க்கின்மேல் வைத்து மூடும்போது வாசலில் பைக் வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். கஞ்சி போட்ட புடவை, தோளில் பள்ளிக்கூடப் பை. பின்னாலேயே தம்பி, ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

"சரியாயிடுச்சா மேடம்?" என்று கேட்டார் டீச்சர். காலையிலிருந்து பத்தாவது தடவையாக இதே கேள்வி, ஒன்பது தடவை போனில்.

"இருங்க டீச்சர். இப்போ தெரிஞ்சிடும்."

மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். டிக். அப்புறம் ஒரு மெல்லிய ரீங்காரம். திரை ஒளிர்ந்தது. பாட்டுகளின் பட்டியல் வந்தது. கீபோர்டு ஒலிக்க, அதன்மேல் டீச்சரின் குரல், மூன்று வருடத்துக்கு முந்தைய குரல், வெட்கப்பட்டுக்கொண்டே அந்த மெட்டை முனகியது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பாஸ் எந்த மெஷினையும் கும்பிட்டவள் இல்லை. இப்போது மனதுக்குள் இந்தப் பெட்டியைக் கும்பிட்டாள்.

"தேதி! தேதி பக்கத்துக்குப் போங்க அண்ணே!" வாலு போனை நீட்டிக்கொண்டு கத்தினான்.

மெக்கானிக்கின் விரல் நகர்வதற்குள், உள்ளே ஆணியால் தகரத்தைக் கீறியது போல ஒரு சத்தம். திரை அணைந்தது. அவர் மறுபடி அழுத்தினார். டிக்கூட வரவில்லை. காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பெட்டியைப் பக்குவமாக மேஜைமேல் வைத்தார்.

"இனிமே ஆண்டவனே வந்தாலும் முடியாது மேடம். டிஸ்க்கோட தட்டே கீறிப் போச்சு."

வாலுவின் போனில் பதினோரு வினாடி பாட்டு இருந்தது. தேதி இல்லை. வெறும் பாட்டைத்தான் ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறதே, அதை வைத்து என்ன செய்வது?

"விடுக்கா," என்றான் தம்பி. "நம்ம நேரம் சரியில்லை. ஸ்கூல்ல மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம். வேற வேலை தேடிக்கலாம்."

அவன் அந்த மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் பாஸ் இன்னும் ஐந்து நிமிடம் தயங்கியிருப்பாள்.

"தம்பி, போன வருஷம் நீங்க ரெண்டு தட்டு தட்டினீங்களே. அப்போ ஸ்க்ரூ தானா கழண்டு, இது தானா மடிஞ்சு உள்ளே போச்சா?" பச்சைச் சீட்டை மேஜைமேல் விரித்தாள்.

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு சாட்சியே தேவைப்படவில்லை.

"இது... இதுக்குள்ளயா இருந்தது?" அவன் அக்காவைப் பார்த்தான். "உன் மெட்டைப் போட்டுக் காட்டத்தான்க்கா கொண்டு போனேன். சத்தியமா. ஸ்டுடியோக்காரர் சீட்டுல கையெழுத்துப் போட்டார், ஆனா இது பாடலை. ஒலிப்பதிவு பண்றவர் சீட்டோட உள்ளே தூக்கிட்டுப் போய் ஓடவெச்சுக் கொண்டு வந்தார். கையிலிருந்த சீட்டையே மடிச்சு வெச்சிருப்பார் போல. வெளியே வர்றப்போ சீட்டு எங்கன்னு வாசல்ல திட்டினாங்க."

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

"ஸ்டுடியோக்காரர் கேட்டுட்டு, பிரமாதம், யார் போட்டதுன்னார்." தம்பி தரையைப் பார்த்தான். "நான் போட்டதுன்னு சொல்லிட்டேன்க்கா. வாய் தவறி இல்லை. ஆசையில. பெட்டியை ரெண்டு நாள் வெச்சிருந்து கொடுத்தார். அப்புறம் என்னை வாசல்லயே விடலை. விளம்பரம் வந்தப்போ நான் யார்கிட்ட போய் என்னன்னு சொல்ல?"

வழக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் பாஸுக்கு, பதினாலு தடவை செத்த பெட்டி இன்னும் ஒரு நிமிடம் உயிரோடு இருந்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

டீச்சர் சீட்டை எடுத்து இரண்டு முறை வாசித்தார்.

"மேடம், இவன் கையெழுத்து இருக்கிற பக்கத்தைக் கிழிச்சிட்டுக் காட்டினா?"

"கிழிச்சா செல்லாது டீச்சர். முழுசா இருந்தாத்தான் ஆதாரம்."

டீச்சர் தலையாட்டினார். பிறகு தம்பியைப் பார்த்தார். "வீட்டுல அந்த விளம்பரம் வர்றப்பெல்லாம் ஓடிப்போய் டி.வி.யை அணைப்பியே. எனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு அணைக்கிறியாக்கும்னு நினைச்சேன்டா."

தம்பி பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்காரப் போனான். முட்டு இல்லாத ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டீச்சர் அந்தச் சீட்டைப் பழைய மடிப்பிலேயே, ஒவ்வொரு மடிப்பாக மடித்தார். தம்பியின் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"நாலு மணிக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். நீதான் பேசணும்."

"எல்லார் முன்னாடியுமாக்கா?"

"எல்லார் முன்னாடியும்தானே என்னைத் திருடின்னு சொன்னாங்க?"

பக்கத்து சலூனில் மறுபடியும் விளம்பரம் ஆரம்பித்தது. தம்பியின் கை தன்னையறியாமல் உயர்ந்தது. அணைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மெட்டு முடியும்வரை டீச்சர் அவனை அசையவிடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். வாலுகூட முணுமுணுக்கவில்லை.

"வண்டியை எடுடா," என்றார் டீச்சர். "நேரமாச்சு."